சாரலுக்குக் கூட்டம் போட வரும் தொண்டு நிறுவன நிர்வாகிகளுக்கு



சாரல் விழுந்தால் நீங்கள் வருவீர்கள் என்பது ஐந்தருவிச் சாலைக்குத் தெரியும். ஜூன் பாதியில் தொடங்கி ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் ஏதாவது ஒரு விடுதி வாசலில் ‘ஆண்டுத் திட்டமிடல் கூட்டம்’, ‘மீளாய்வுக் கூட்டம்’ என்று ஒரு பேனர் நனைந்துகொண்டிருக்கும். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இயக்குநர்கள், ஒருங்கிணைப்பாளர்கள், அறங்காவலர்கள் எல்லோரும் வந்து இறங்குவீர்கள். காலையில் பவர்பாயின்ட், ராத்திரி பிரானூர் பார்டரில் புரோட்டா, நடுவில் அருவி. போகும்போது மங்குஸ்தானும் ரம்புட்டானும் பை நிறைய. வருஷம் பூராவும் ஊர் ஊராக அலைந்தவர்கள் ரெண்டு நாள் அருவியில் தலை காட்டுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் கூட்டங்களில் பேசப்படாமலே போகிற ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் இந்தப் பக்கத்துக்காரன். தொண்டு நிறுவனங்களில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். உங்கள் பவர்பாயின்டில் கடைசி ஸ்லைடாக வந்து யாரும் கேள்வி கேட்காமல் போகிற பட்ஜெட் இருக்கிறதே, அதை வரி வரியாக அடித்துக் கொடுப்பது என்னைப் போன்றவர்கள் வேலை. அந்த பட்ஜெட்டில் பயனாளிகளுக்கு வரி உண்டு, வாகனத்துக்கு உண்டு, தணிக்கையாளருக்கு உண்டு, ‘ஆவணப்படுத்தல்’ என்ற பெயரில் போட்டோவுக்கும் வீடியோவுக்கும்கூட உண்டு. வெயிலிலும் மழையிலும் போய் வேலை செய்கிற பிள்ளைகளின் வருங்காலத்துக்கு என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்காது. சம்பளம் என்றுகூட எழுதுவதில்லை. ‘மதிப்பூதியம்’ என்று எழுதுகிறோம்.

இது உலகத்தில் எங்கும் இல்லாத சங்கதி இல்லை. ஆனால் தென்காசியில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது. காரணம் பீடி.

இந்த மாவட்டத்தில் ஆலங்குளம், கடையநல்லூர், கடையம் என்று எந்தப் பக்கம் போனாலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களைப் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடி செய்கிற வேலை. முதலாளியின் முகத்தை அந்தப் பெண் ஆயுசில் பார்த்திருக்க மாட்டாள். இலையும் தூளும் வாங்குவது காண்டிராக்டரிடம், சுற்றிய பீடியைக் கொடுப்பதும் அவரிடமே. ஆனால் அவளுக்கு பி.எஃப். உண்டு. 1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது. 1977-ல் வருங்கால வைப்பு நிதி பீடித் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுகிறவள் எங்கள் தொழிலாளியே அல்ல என்று கம்பெனிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-ல் நீதிமன்றம், வீட்டில் உட்கார்ந்து சுற்றினாலும், நடுவில் காண்டிராக்டர் இருந்தாலும் அவள் தொழிலாளிதான், பி.எஃப். கட்டு என்று சொல்லிவிட்டது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. பிள்ளைகள் படிக்க உதவித்தொகை இருக்கிறது. ஓய்வூதியம் ஆயிரமோ ஆயிரத்துச் சொச்சமோதான் வருகிறது, பதிவேட்டில் பெயரே ஏறாத பெண்களும் நிறைய இருக்கிறார்கள், அதெல்லாம் உண்மை. ஆனாலும் சட்டம் அவளைத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

அப்படி பீடி சுற்றிய காசில்தான் இந்தப் பக்கத்தில் பல பெண் பிள்ளைகள் எம்.எஸ்.டபிள்யூ. படித்தார்கள். படித்துவிட்டு உங்களிடம் வேலைக்கு வந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது. வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆன மகளிடம் அம்மா கேட்கிறாள்: “ஏட்டி, ஒங்க ஆபீஸ்ல பி.எப். பிடிக்காங்களா?” மகள் சொல்கிறாள்: “இல்லம்மா, இது கம்பெனி இல்ல, டிரஸ்ட்டு.” அம்மா விடவில்லை. “டிரஸ்ட்டுன்னா வயசாகாதாட்டி ஒனக்கு?”

அந்த மகள் மறுநாள் காலையில் எங்கே போனாள் என்று நினைக்கிறீர்கள்? பீடி சுற்றும் பெண்களுக்குத் தொழிலாளர் உரிமை பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப் போனாள். கையில் ஃபிளிப் சார்ட். முதல் தாளில் குறைந்தபட்சக் கூலி, அடுத்ததில் பி.எஃப்., அதற்கடுத்ததில் மகப்பேறு விடுப்பு. படம் எல்லாம் அழகாகப் போட்டிருந்தது, நன்கொடையாளரின் லோகோவோடு. அந்தத் தாள்களில் இருந்த ஒன்றுகூட அதைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கிடையாது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பலமுறை கேட்டதுதான். “சேவைக்கு வந்த பிள்ளை இப்படிக் கணக்குப் பார்க்கலாமாம்மா?” கேட்ட பிள்ளை கூசிப்போய்விடும். அந்தக் கூச்சம்தான் உங்களுக்குப் பல வருஷமாக லாபம். நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தருமம் செய்கிறவர் நன்கொடையாளர். நடத்துகிறவர் நீங்கள். நடுவில் நிற்கிற களப்பணியாளர் தன் உழைப்பைக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர். தன் சம்பளத்திலும் ஒரு பங்கைத் தருமமாக விடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். அவருக்காக நீங்கள் முடிவு செய்து, அவர் பி.எஃப். பணத்தைக் கட்டாமல் மிச்சம் பிடித்து, அதை நிறுவனத்தின் தியாகக் கணக்கில் எழுதிக்கொள்வது எந்த அறத்தில் சேரும்?

இதை நானாகச் சொல்லவில்லை. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வில் இருந்த கிருஷ்ணய்யர் இதே விஷயத்தைத்தான் விரிவாக அலசினார். தொண்டு நிறுவனங்களை அவர் ஒரே மூட்டையாகக் கட்டிவிடவில்லை. ஆசிரமம் மாதிரி, உறுப்பினர்கள் தங்களையே அர்ப்பணித்து, கூலிக்கு ஆள் வைக்காமல், வைத்தாலும் பேருக்கு ஒன்றிரண்டு பேரோடு நடத்துகிற அமைப்பு வேறு. மற்ற இடங்களைப் போலவே சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தி, அவர்கள் உழைப்பில் உருவாகிற சேவையை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற அமைப்பு வேறு. இரண்டாவது வகையில் முதலாளியின் தருமம் பயனாளிக்குப் போகிறது. வேலை செய்கிறவருக்கு அது எல்லா வேலையையும் போல ஒரு வேலை. ஆகவே அவருக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது தீர்ப்பு.

அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி இப்போது போய்விட்டது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் ‘தொழில்’ என்பதற்கான விளக்கத்திலிருந்து தரும, சமூக, கொடைப் பணிகளில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களை வெளியே எடுத்துவிட்டார்கள். நாளைக்கு நீங்கள் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால் அவர் தொழிற்தாவாவாக எழுப்புவது கடினம். சில வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் செய்தி சந்தோஷமாகவே சுற்றியது. சுற்றவிட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த விளக்கம் தொழிலுறவுத் தொகுப்புக்கு உரியது. பி.எஃப்., பணிக்கொடை, மகப்பேறு விடுப்பு எல்லாம் இருப்பது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில். இருபது பேர் வேலை செய்தால் பி.எஃப்., பத்துப் பேர் வேலை செய்தால் பணிக்கொடையும் மகப்பேறு விடுப்பும் என்ற கணக்கு அங்கே அப்படியே நிற்கிறது. இன்னும் ஒருபடி மேலே போய், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருஷம் முடித்தாலே பணிக்கொடை என்று ஆக்கியிருக்கிறது. உங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் புராஜெக்ட் ஒப்பந்தத்தில்தானே இருக்கிறார்கள்? அப்படியானால் இந்த மாற்றம் முதலில் தொட வேண்டியது உங்கள் கணக்குப் புத்தகத்தை.

தொடாமல் இருப்பதற்கு என்னென்ன வழி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் என்பதால். முதல் வழி ‘கன்சல்டன்ட்’. காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, லீவுக்கு எழுதிக்கொடுத்துக் காத்திருந்து, உங்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போகிறவர் காகிதத்தில் மட்டும் ஆலோசகர். இரண்டாவது, பதினொரு மாத ஒப்பந்தம். நடுவில் சில நாள் இடைவெளி விட்டு, அதே நாற்காலியில், அதே வேலைக்குப் புதிதாகச் சேர்ப்பது. மூன்றாவது, ஒரே வளாகத்தில் மூன்று டிரஸ்ட் பெயர்களை வைத்துக்கொண்டு ஆட்களைப் பிரித்துக் காட்டுவது, எந்தப் பெயரிலும் தலை எண்ணிக்கை இருபதைத் தொடாதபடி. நான்காவது வழிக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. அது என் சம்பளத்திலேயே நடந்தது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் முழுத் தொகைக்குக் கையெழுத்து வாங்குவார்கள். கவரில் அதைவிடக் குறைவாக இருக்கும். மிச்சம் ‘ஊழியர் மனமுவந்து தந்த உள்ளூர்ப் பங்களிப்பு’ என்று நன்கொடை ரசீதோடு திரும்ப உள்ளே போகும். ரசீதை நம் கையிலேயே கொடுப்பார்கள். நன்றி என்று அச்சடித்திருக்கும்.

எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நியாயமாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இந்த மடலைப் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு போகலாம். இந்த மண்ணுக்கும் தொண்டுக்கும் உள்ள உறவும் இன்று நேற்று வந்ததில்லை. ஐந்தருவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்லாவிட்டாலும் ஒரு பஸ் தூரத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். ஐந்து குழந்தைகளோடு தொடங்கிய பள்ளி. பிறகு தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்த பட்டயக் கணக்காளர் சங்கரராமன் வந்து சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ வந்தபோது இந்த வட்டாரமே தன் வீட்டு விசேஷமாக நினைத்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி இத்தனை பெரிய வேலையைக் கட்டியெழுப்ப முடிகிற ஊரில், நம்மால் ஒரு பி.எஃப். சலானைக் கட்ட முடியாது என்று யார் சொன்னாலும் எனக்கு ஏற்கச் சிரமமாக இருக்கிறது.

பணம் இல்லை என்பீர்கள். சரி, கணக்கைப் பார்ப்போம், அது என் தொழில். மாதம் 13,000 ரூபாய் வாங்கும் ஒரு களப்பணியாளர். நிறுவனத்தின் பங்காக பி.எஃப்.புக்கு 12 சதவீதம், நிர்வாகக் கட்டணமும் காப்பீட்டுப் பங்கும் சேர்த்து இன்னும் ஒரு சதவீதம்: 1,690 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்: 422 ரூபாய் 50 காசு. பணிக்கொடைக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 26 நாள் மாதமாக வகுத்தால் 7,500 ரூபாய். அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் 625. எல்லாம் கூட்டினால் 2,737 ரூபாய் 50 காசு. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். இருபது பேருக்கு மாதம் 54,750 ரூபாய். இந்தத் தொகை பெரிதா சிறிதா என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கூட்டம் முடிந்து விடுதியைக் காலி செய்யும்போது ஒரு பில் கொடுப்பார்கள். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதே பணம் அந்தப் பக்கத்தில் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பி.எஃப். கணக்கில் இரு தரப்பும் போட்டது மாதம் 2,037 ரூபாய் அவர் பெயரில் நிற்கும். பத்து வருஷத்தில், வட்டியைக் கணக்கில் எடுக்காமலே, 2,44,000-க்கு மேல். மகள் கல்யாணமோ, வீட்டுக்கு ஓடு மாற்றி கான்கிரீட் போடுவதோ, அந்தத் தொகையில்தான் நடக்கும். நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது. பத்து வருஷம் முடித்தால் மாதாமாதம் ஏதோ ஒன்று வரும். வேலையில் இருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. அதற்கு ஊழியர் தம்பிடி கட்ட வேண்டாம். பன்னிரண்டு வருஷம் உழைத்துவிட்டுப் போகும்போது பணிக்கொடை 90,000 ரூபாய். இதெல்லாம் இல்லாதவருக்குக் கிடைப்பது ஒரு சால்வையும் ஒரு கேடயமும். கேடயத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் அவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கும்.

நன்கொடையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது அடுத்த பதில். வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்தது உண்மை. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றக் கூடாது என்று தடுத்தது, சிறிய அமைப்புகளை முறித்துப்போட்டது. இவை நியாயமான குறைகள், நானும் உங்களோடு சேர்ந்து அரசிடம் முறையிடத் தயார். ஆனால் அந்த 20 சதவீதத்தைக் காட்டிக் களப்பணியாளரின் பி.எஃப்.பை வெட்டாதீர்கள். விதிகளைப் படித்தால் தெரியும்: நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் பணியில் இருப்பவர்களின் ஊதியம், ஆஸ்பத்திரியில் டாக்டர், பள்ளியில் ஆசிரியர் என்பது போல, நிர்வாகச் செலவில் சேராது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் சொல்லப்படும் 5 சதவீதக் கட்டுப்பாடும் அப்படித்தான். அது கம்பெனி தன் அலுவலகத்தில் செய்துகொள்ளும் நிர்வாகச் செலவுக்கான வரம்பு. திட்டத்தைக் களத்தில் நடத்துகிற செலவுக்கு அல்ல. வீடு வீடாகப் போகிற பெண் ‘நிர்வாகம்’ இல்லை. அவள்தான் திட்டமே.

ஒன்று கேட்கிறேன், மனசாட்சிப்படி பதில் சொல்லுங்கள். எத்தனை முறை அந்த வரியை எழுதி அனுப்பி, நன்கொடையாளர் வெட்டியிருக்கிறார்? நான் அடித்த பட்ஜெட்டுகளில் அது மேலே போவதற்கு முன்பே, நம் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டுவிடும். “இதைப் போட்டால் மொத்தம் கூடித் தெரியும், இன்னொரு நிறுவனத்துக்குப் புராஜெக்டைக் கொடுத்துவிடுவார்கள்” என்பது காரணம். அந்த இன்னொரு நிறுவனமும் அதே காரணத்துக்காக வெட்டியிருக்கும். மாவட்டத்தில் இருக்கும் பத்து நிறுவனங்கள் சேர்ந்து, இது சட்டம் கேட்கிற செலவு, இதில்லாமல் நாங்கள் விண்ணப்பம் அனுப்ப மாட்டோம் என்று நின்றால் எந்த நன்கொடையாளர் மறுப்பார்? வெளிநாட்டு அமைப்புகள் தங்கள் சொந்த ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு, விடுப்பு, ஓய்வுக்கால நிதி எல்லாம் வைத்திருக்கின்றன. அவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அவர்கள் ஊழியருக்கும் உங்கள் ஊழியருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோட்டை அவர்கள் மட்டும் போடவில்லை, நீங்களும் சேர்ந்துதான் போட்டிருக்கிறீர்கள்.

2023 டிசம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். அந்த வாரம் இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையும் பால் பவுடரும் கொண்டுபோனவர்களில் உங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். வண்டி தண்ணீரில் அடித்துக்கொண்டு போயிருந்தால், பாம்பு கடித்திருந்தால், கரண்ட் பிடித்திருந்தால், அவர்கள் வீட்டுக்கு என்ன கொடுத்திருப்பீர்கள்? எந்தத் தலைப்பிலிருந்து எடுத்திருப்பீர்கள்? இரங்கல் கூட்டத்துக்கு எது தலைப்பு என்பது எனக்குத் தெரியும்: ‘இதரச் செலவுகள்’.

வருஷாவருஷம் ஆகஸ்ட் 19 அன்று உலக மனிதாபிமான தினம் என்று படம் எடுத்துப் போடுகிறீர்கள். 2003-ல் அன்றைக்குத்தான் பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள், 22 பேர் செத்தார்கள். அதே ஆகஸ்டில் நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு நாள் இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 4, திருகோணமலை மாவட்டம் மூதூர். பிரான்ஸைச் சேர்ந்த ஒரு பட்டினி ஒழிப்பு அமைப்பின் வளாகத்தில் 17 ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமி நிவாரண வேலை செய்துகொண்டிருந்தவர்கள். பதினேழு பேரும் உள்ளூர்க்காரர்கள். இன்றுவரை அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. எந்த நாட்டில் பார்த்தாலும் சரி, பெரிய தொண்டு நிறுவனத்தின் வேலையில் ஆபத்தான முனையில் நிற்பவர் அந்த ஊர்க்காரராகவே இருக்கிறார். ஆபத்தில் முதல் ஆளாகவும் சலுகையில் கடைசி ஆளாகவும் அவரை வைத்திருப்பது இந்தத் துறையின் வழக்கமாகிவிட்டது.

உங்களுக்கும் பயம் இருக்கிறது, எனக்குத் தெரியும். நிதி ராத்திரியோடு ராத்திரியாக நிற்கும். 2017-ல் கம்பேஷன் இன்டர்நேஷனல் இந்தியாவை விட்டே போனது. 2024 ஜனவரியில், சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் வேர்ல்டு விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானது. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் யு.எஸ்.எய்டு முடக்கப்பட்டபோது உலகம் முழுக்கத் தொண்டுப் பணியாளர்கள் ஒரே மாதத்தில் வேலை இழந்தார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, நாளைக்கு இருப்போமா என்று தெரியாதபோது நிரந்தரச் செலவை எப்படி ஏற்பது என்று கேட்கிறீர்கள். நான் இதே காரணத்தை வைத்து எதிர்ப்பக்கத்தில் நிற்கிறேன். நாளைக்கு நிறுவனம் இருக்குமோ இருக்காதோ, மாதாமாதம் கட்டிய பி.எஃப். அவர் பெயரில் இருக்கும். உரிமம் ரத்தானால் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும், அவர் கணக்கு முடங்காது. நிலையில்லாத வேலைக்குத்தான் இந்தப் பாதுகாப்பு முதலில் வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் களப்பணியாளர்களில் பெண்களே அதிகம். ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் ஒப்பந்தம் மட்டும் மார்ச்சோடு ‘இயல்பாக’ முடிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். வேறு யாருக்கும் முடியாது. சட்டம் 2017-லிருந்து 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்கிறது. ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும் மகப்பேறு உரிமை அதோடு முடியாது என்று 2023-ல் டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதல் ஆயிரம் நாள், தாய்ப்பால் வாரம், வளரிளம் பெண்கள் ஊட்டச்சத்து என்று திட்டம் திட்டமாக நடத்துகிறீர்கள். உங்கள் அலுவலகத்திலேயே ஒருத்தி மூன்று மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுச் செங்கோட்டை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறாள், விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்பதால்.

களப்பணியாளர்கள் சங்கம் வைக்க மாட்டார்கள். மற்றவர்களுக்குச் சங்கம் வைத்துக் கொடுத்தே பழகியவர்கள். ஒரு புராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு நிறுவனத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருப்பவர்கள். எதிர்த்துக் கேட்டால் அடுத்த இடத்துக்கு உங்கள் சிபாரிசு கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். நான் பணியை விட்டு வந்துவிட்டேன், யாருடைய சிபாரிசும் எனக்கு வேண்டியதில்லை, அதனால் எழுதுகிறேன். நல்லவர்கள், படித்தவர்கள், ஊழலில்லாதவர்கள் என்று நான் மதிக்கிற பலர் உங்களில் இருக்கிறார்கள். பயனாளிக்கு ஒரு ரூபாய் குறைந்தால் துடித்துப்போகிற நீங்கள், பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு மாதம் இரண்டாயிரத்து எழுநூறு குறைவதைப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த வருஷக் கூட்டத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். கடைசி ஸ்லைடை முதலில் போடுங்கள். ஊழியர் செலவுக்குக் கீழே பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை, விபத்துக் காப்பீடு என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த வரிகள் இல்லாமல் எந்த நன்கொடையாளருக்கும் விண்ணப்பம் போகாது என்று தீர்மானம் போடுங்கள். எல்.ஐ.சி.யில் குழுப் பணிக்கொடைத் திட்டம் இருக்கிறது, சின்ன நிறுவனமும் சேரலாம். இருபது பேருக்குக் குறைவாக இருந்தாலும் விருப்பத்தின் பேரில் பி.எஃப்.பில் சேர வழியிருக்கிறது. ஆலோசகர் என்று எழுதிவைத்திருக்கிறவர்களில் யார் உண்மையில் ஆலோசகர், யார் ஊழியர் என்று உட்கார்ந்து பிரியுங்கள். உங்களுக்கே தெரியும், அதற்கு வக்கீல் வேண்டாம். கூட்டத்துக்கு இயக்குநர்களும் அறங்காவலர்களும் மட்டும் வராமல், களப்பணியாளர் இரண்டு பேரைக் கூட்டிவந்து, அந்த ஸ்லைடு ஓடும்போது அவர்களைப் பேசவிடுங்கள்.

அடுத்த மார்ச் 31-க்குள் உங்களிடம் வேலை செய்கிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு நியமன ஆணையும், அதில் சம்பளம் என்ற சொல்லும், பி.எஃப்.புக்கான ஒரு யு.ஏ.என். எண்ணும் இருக்கட்டும். கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் நிறுவனங்களில் கணக்கு எழுதிய ஒருவன்,
ஐந்தருவிச் சாலை, குற்றாலம்.